உறுதி இல்லாத வீடும் பேர் சொல்லாத பாரபட்சமும்

மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி ஒருவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அக்கா மகனை டவுன் பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கப் போனார்களாம். நேர்முகத்தில் காணி உறுதி, அதாவது வீடும் காணியும் சொந்தம் என்று காட்டும் பத்திரம், கேட்டிருக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏது உறுதி? தோட்டத்து ஆபீஸ் கொடுத்த கடிதத்துக்குச் சொற்பப் புள்ளி போட்டு, இடமில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள், அதுவும் சிங்களத்தில் மட்டும். அடுத்தது, அக்காவோடு படித்த கம்பளைப் பிள்ளை ஒருவர். துணிக்கடை ஒன்றில் வேலை சரி என்று சொன்னவர்கள், முதல் நாள் காலையில் முக்காட்டோடு வந்து நின்றதும், அதை எடுத்துவிட்டு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேண்டாம் என்றுவிட்டார்கள். "இன, மத பேதம் காட்டக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறதாம். மனித உரிமைச் செயற்திட்டம் என்றெல்லாம் அரசாங்கம் வெளியிடுகிறதாம். இவர்கள் இரண்டு பேரில் யாருக்காவது அது உதவுமா, டீச்சர்?" இதுதான் கேள்வி.

அக்கா மகனுக்கு வழி இருக்கிறது, ஆனால் நாள் குறைவு. கம்பளைப் பிள்ளைக்கு நம் நாட்டுச் சட்டம் கொடுக்கும் வழி மிகவும் ஒடுங்கியது. ஏன் ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கு இல்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் எந்தக் கதவைத் தட்டுவது, எதைப் புதிதாகக் கேட்பது என்று தெரியும். ஹட்டனிலும் பிறகு பண்டாரவளையிலுமாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுத்தும், விசாரணைகளுக்குக் கூடப் போயும் வந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அரசியலமைப்பு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரைதான் இதற்கெல்லாம் அடி. 12(1) எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் என்ற காரணங்களில் எதற்காகவும் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கிறது. இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாக வாசித்துப் பாருங்கள். விலாசம் இதில் இல்லை. உறுதி இல்லாத வீடு இல்லை. தோட்டத்து ஆள் என்பதும் இல்லை. அக்காவிடம் யாரும், நீங்கள் மலையகத் தமிழர், உங்கள் பிள்ளைக்கு இடம் கிடையாது என்று சொல்லவில்லை. உறுதி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். அதே கேள்வியைத்தான் வந்த எல்லாரிடமும் கேட்டிருப்பார்கள்.

நம் சனங்களுக்கு நடந்த பெரிய அநியாயங்கள் அநேகமாக இந்த மாதிரியேதான் வந்திருக்கின்றன. பேரைச் சொல்லாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியைப் போடும். அந்த விதி கேட்கும் காகிதம் நம்மிடம் மட்டும் இருக்காது.

1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் இலக்கச் சட்டம், நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியத் தமிழர் என்ற சொல் ஒரு இடத்திலும் விலக்காகச் சொல்லப்படவில்லை. இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரசை ஆவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. கேட்பதற்கு எல்லாருக்கும் ஒரே அளவுகோல். ஆனால் எந்த லயத்துக் காம்பராவில் பூட்டனுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது? கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்த சனத்திடம் அதைக் கேட்டால் என்ன கிடைக்கும்? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரசைகளுக்கே வாக்கு என்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலைநாட்டுச் சனம், 1952 தேர்தலில் பெரும்பாலும் வாக்கில்லாமல் நின்றது.

அப்போது பாதுகாப்பு ஏற்பாடே இல்லையா என்றால், இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தையோ சமயத்தையோ சேர்ந்தவர்கள் மீது மற்றவர்களுக்கு இல்லாத தடையைப் போடும் சட்டம் செல்லாது என்றது. சமய, இனப் பாரபட்சத்தைத் தடுக்கவே எழுதப்பட்ட பிரிவு அது. அதை நம்பித்தான் கொடக்கன்பிள்ளை என்பவருடைய வழக்கு அப்போதைய கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1953இல் தீர்ப்பு. ஒரு நாடு தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது இயல்பான உரிமை, சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்துக்கும் விலக்கு இல்லை, விண்ணப்பித்துப் பிரசையாகும் வழியும் 1949 சட்டத்தில் இருக்கிறது, ஆகவே பாரபட்சம் இல்லை என்ற போக்கில் போனது அந்தத் தீர்ப்பு. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள், யாருக்கு என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. மனித உரிமைக் கொள்கை பற்றி யார் பேசினாலும் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

இன்னொன்றும் மனதில் தைக்கும். எவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று 15ஆவது உறுப்புரையில் சொல்லும் உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10ஆம் திகதி வந்தது. இங்கே நம்மை நாடற்றவராக்கிய சட்டம் வந்து 25 நாள் கழித்து.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். என் அம்மாவுடைய கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிந்த கதை தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. 1986, 1988, 2003 என்று வந்த சட்டங்களால்தான் மிச்சப் பேருக்கும் குடியுரிமை கிடைத்தது. 55 வருடம்.

பழைய கதையை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், அன்றைக்குப் பிறப்புப் பத்திரம் செய்த வேலையை இன்றைக்குக் காணி உறுதி செய்கிறது. பாடசாலை அனுமதிச் சுற்றறிக்கையில் ஒரு தேசிய பாடசாலையின் முதலாம் தர இடங்களில் பாதி கிட்ட வசிப்பவர்களுக்கு என்று இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் கிட்ட வசிப்பதை நிரூபிக்க உறுதி காட்டினால் கூடிய புள்ளி என்று வைத்துவிட்டால், பாடசாலை மணிச் சத்தம் கேட்கும் தூரத்து லயத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் பிள்ளை தோற்றுப்போகும். வீடு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்த அரச காணியில் இருக்கிறது. உறுதியை அரசாங்கமே கொடுக்கவில்லை. கொடுக்காத உறுதியை அரசாங்கமே கேட்கிறது. பாரபட்சத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே மாதிரி இன்னும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நேரடியாக வேலை செய்யவிடாமல் தடுத்தது. நாம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த சபை, நம் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். மண்சரிவும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. காணி கையில் இல்லாத சனம் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு எங்கே போகும்? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும், எச்சரிக்கை தமிழில் ஒழுங்காக வரவில்லை என்று எத்தனை பேர் குறைப்பட்டார்கள் பார்த்தீர்கள்.

சரி, இப்போது வழி. அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேரே கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். இரண்டு நிபந்தனை. மீறல் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் நடந்திருக்க வேண்டும், அதாவது அரசாங்கத்தின் கை அதில் இருக்க வேண்டும். அப்புறம், ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அரச பாடசாலை என்றபடியால் அக்கா மகனுக்கு முதல் நிபந்தனை பொருந்துகிறது. முதலாம் தர அனுமதி பற்றி உயர் நீதிமன்றம் எத்தனையோ மனுக்களைக் கேட்டிருக்கிறது. 2007இல் அப்போதிருந்த அனுமதி முறையே சமத்துவத்துக்கு முரண் என்று தீர்ப்பும் சொன்னது.

கம்பளைப் பிள்ளையின் துணிக்கடை தனியாருடையது. அரசாங்கத்தின் கை இல்லை. அங்கேதான் கதவு மூடிக்கொள்கிறது. 12(3)ஆம் உறுப்புரை கடை, ஹோட்டல், பொது உணவகம், தன் மதத்தின் வழிபாட்டுத் தலம் ஆகியவற்றுக்குள் போக மதம், சாதி போன்ற காரணத்தால் தடை போடக் கூடாது என்கிறது. அது உள்ளே போவதைப் பற்றியது. வேலைக்கு எடுப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சாமான் வாங்க வருகிறவராக அதே முக்காட்டோடு அந்தப் பிள்ளை உள்ளே போகலாம், வேலைக்காரியாகப் போக முடியாது. வேலையில் பாரபட்சத்தைத் தடுக்கும் சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றதற்குப் பொருத்தமாகத் தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்திருக்க வேண்டும். 1999இல் சம வாய்ப்புச் சட்டமூலம் ஒன்று வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு 2011 முதல் 2016 வரைக்கும், 2017 முதல் 2021 வரைக்கும் என்று இரண்டு தேசிய மனித உரிமைச் செயற்திட்டங்கள் வந்தன. நீங்கள் கேள்விப்பட்டது அவற்றைத்தான். கொள்கை என்பது அரசாங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கு. அதை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற முடியாது. கடைக்காரர் மீது ஏறவே முடியாது.

தென்னாபிரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாரையும் சேர்த்து, சமத்துவ நீதிமன்றங்கள் என்று தனியாகவே வைத்தார்கள். பாரபட்சம் நடந்ததற்கு முதல்தோற்றச் சான்றை, அதாவது முதல் பார்வைக்குப் போதுமான சான்றை, முறைப்பாட்டாளர் காட்டிவிட்டால், அது பாரபட்சம் இல்லை என்றோ நியாயமானது என்றோ காட்டும் பாரம் எதிராளி மீது விழும். நமக்கும் கேட்க வேண்டியது இதைத்தான். ஏழைப் பெண் ஒருத்தி முதலாளியின் மனதுக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பாள்?

பெருந்தோட்டக் கம்பனிகள் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள், ஆனால் காணி அரசுடையது, பொன் பங்கு என்று சொல்லும் விசேட பங்கும் அரசின் கையில் இருக்கிறது. கம்பனி என்று பெயர் இருந்தாலும் அரசின் கருவியாக இயங்கினால் அடிப்படை உரிமைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏர் லங்கா விமானக் கம்பனி வழக்கில் 1987இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வாதத்தைத் தோட்டங்கள் பக்கம் இன்னும் பலமாக எடுத்துப்போக வேண்டும். இது ஒரு சட்டத்தரணி மனம் வைக்க வேண்டிய வேலை. நான் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயம்.

மதத்துக்கு வருகிறேன். 10ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எந்த மட்டுப்பாடும் இல்லாமல் கொடுக்கிறது. நம்புவதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் நம்பியபடி வழிபடுவது, அனுசரிப்பது, உடுப்பது எல்லாம் 14(1)(உ) பிரிவில் வருகிறது. அதற்குப் பொது ஒழுங்கு, சுகாதாரம் என்று சட்டத்தால் மட்டுப்பாடு போடலாம். 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு இந்த இரண்டு உரிமைகளையும் உறுதிப்படுத்துகிறது. சிக்கல் எப்போதும் அந்த மட்டுப்பாட்டுக்குள்தான் வரும். கொவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் கொவிட்டால் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. எல்லாருக்கும் பொதுவான விதி, எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் 2020 டிசம்பரில் விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. முஸ்லிம் வீடுகளும், புதைப்பதே வழக்கமாக இருந்த கிறிஸ்தவ வீடுகளும் பட்ட பாடு பெரும்பாடு. 2021 பெப்ரவரியில் மாற்றினார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்ததற்கு மன்னிப்பு என்ன செய்யும் என்று அக்குறணையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கவும் சட்டம் இருக்கிறது. குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கம். இன, மதப் பகைமையைத் தூண்டிப் பாரபட்சத்துக்கோ வன்முறைக்கோ வழிவிடுவது குற்றம் என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையிலும் தெல்தெனியாவிலும் தொடங்கி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று முஸ்லிம்களுடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது இந்தச் சட்டம் பத்து வருடமாக இருந்தது. எரிவதற்கு முன்பே ஃபேஸ்புக்கில் சிங்களத்தில் எழுதிக் கூப்பிட்டார்கள். அந்த நிறுவனம் தன் பங்குக்கு 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் இதே சட்டம் எதிர்ப்பக்கமும் பாய்ந்தது. சமூகப் பகைமைக்கு எழுத்தால் பதில் சொல்வோம் என்று எழுதிய ரம்ஸி ராசிக் 2020இல் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அந்தக் கைது உரிமை மீறல் என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் எழுதுவதோடு வேலை முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். யார் கையில் அதைக் கொடுக்கிறோம், பிழையாகப் பாவித்தால் அவருக்கு என்ன நடக்கும் என்பதும் கொள்கைக்குள் இருக்க வேண்டும்.

தோட்டங்களில் சின்னச் சின்ன ஜெபக்கூடங்கள் இருக்கின்றன, ஒரு காம்பராவில் பத்துப் பேர் கூடிப் பாடுவது. புதிய வழிபாட்டுத் தலம் கட்டினால் அனுமதி எடுக்க வேண்டும் என்று சமய விவகார அமைச்சு 2008இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்குள் ஜெபம் பண்ணுகிறவர்களையும் அதை வைத்து மறிக்கிறார்கள். கட்டடத்துக்குப் போட்ட விதியை ஜெபத்துக்கு எப்படிப் பாவிக்கலாம்? யாராவது வந்து சுற்றறிக்கை என்று சொன்னால், பிரதியைக் காட்டச் சொல்லுங்கள், தமிழில்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். பாரபட்சம் என்றால் மேலேயிருந்து மட்டும்தான் வருகிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம். சாதி வாரியாக லயம் பிரித்த காலம் போய்விட்டது, ஆனால் கோயில் கமிட்டியில் யார் இருப்பது, கரகம் எந்த வீட்டு வாசலில் நிற்பது என்பதில் அது இன்னும் போகவில்லை. வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, போய்விட்டார்கள் என்று ஒரு குடும்பத்தைத் திருவிழாக் காலத்தில் பீலியில் தண்ணீர் பிடிக்கவிடாமல் தடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். 2018இல் திருகோணமலையில் ஒரு இந்துப் பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா உடுத்தி வரக் கூடாது என்று சண்டை நடந்தது. நம் ஆட்கள் நிறையப் பேர் பாடசாலைப் பக்கமே பேசினார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து ஆசிரியைகள் பக்கமே நியாயம் என்றது. எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. உடுப்பைச் சொல்லி கம்பளைப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிய கடைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சாதி விஷயத்தில் மட்டும் தனியாரையும் பிடிக்கும் சட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம். சாதியைச் சொல்லிக் கோயில், கடை, பாடசாலை, கிணறு என்று எதற்குள்ளும் விடாமல் தடுத்தால் அது குற்றம், பொலிஸில் முறையிடலாம். 1957இலேயே சாதிக்குச் செய்ய முடிந்ததை மதத்துக்கும் இனத்துக்கும் இடத்துக்கும் ஏன் செய்ய முடியாது? புதிய சட்டம் கேட்கும்போது இதையே முன்மாதிரியாகக் காட்டலாம்.

அக்காவுக்கு இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்தக் கடிதம். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளையும் பதுளையில் பல பிரிவுகளையும் 1999இல் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவித்திருக்கிறார்கள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரை சொல்கிறது, தமிழில் கடிதம் பெறும் உரிமை 22ஆவதில் இருக்கிறது. ஆகவே தமிழ்ப் பிரதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்க வேண்டாம். கொடுக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். நான் சொன்னது ஒன்று, அதில் இருந்தது இன்னொன்று என்பது வழக்கு நாளில்தான் தெரிந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த மனு எழுதும் வேலை.

அடுத்தது தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு எந்தத் தலைப்பில் எத்தனை புள்ளி போட்டார்கள், கடைசியாக எடுத்த பிள்ளைக்கு எத்தனை, தோட்டக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேர் எடுபட்டார்கள் என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். நாற்பது லயத்துப் பிள்ளைகளில் ஒருவரும் எடுபடவில்லை என்று காகிதத்தில் வந்துவிட்டால், பேர் சொல்லாத விதி யாரைத் தள்ளுகிறது என்று நாம் வாயால் நிரூபிக்க வேண்டியதில்லை. நாற்பது என்பது பேச்சுக்குச் சொன்னேன், உண்மை எண்ணை அவர்களே தரட்டும்.

பாடசாலை அனுமதிக்கு மேன்முறையீடு இருக்கிறது, அதையும் விடாதீர்கள். ஆனால் மேன்முறையீட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் அநேகம். அதற்காகத்தான் மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைக்குழு அது, கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய காரியாலயம் இருக்கிறது. காசு வேண்டியதில்லை, சட்டத்தரணி வேண்டியதில்லை, தமிழில் எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் காலத்தை உயர் நீதிமன்றத்து ஒரு மாதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததற்கு எழுத்தில் சான்று கேட்டு நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஆணைக்குழு சிபாரிசுதான் செய்யும், கட்டளை போட முடியாது. கேட்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தச் சிபாரிசைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் நம் பக்கம் பாரம் கூடும். உயர் நீதிமன்றம் போகும் கட்டம் வந்தால் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

முறைப்பாட்டை எழுதும்போது பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அழுகையாக எழுதாதீர்கள். இந்த விதி தோட்டக் குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளை மற்றவர்களைவிடக் கூடுதலாக விலக்குகிறது, அவர்களுக்கு உறுதி கொடுக்காதது அரசே, ஆகவே 12(1)உம் 12(2)உம் மீறப்படுகின்றன என்று எழுதுங்கள். வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தர் சான்று, பிள்ளையின் கிளினிக் அட்டை என்று இருப்பதையெல்லாம் சேருங்கள். நாலு தலைமுறையாக அங்கேயே இருப்பதற்கு அவையும் சான்றுதான்.

கம்பளைப் பிள்ளைக்கு நான் சொல்வது, வேலை கொடுப்பதாகச் சொன்ன குறுஞ்செய்தியோ குரல் பதிவோ இருந்தால் அழிக்க வேண்டாம். தொழில் திணைக்களத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தனியார் கடை என்று சொல்லி ஆணைக்குழு கையை விரிக்கக் கூடும், அப்படி விரித்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். சம வாய்ப்புச் சட்டம் ஒன்றைத் திரும்பக் கொண்டுவரக் கேட்கும்போது, இந்த நாட்டில் போக இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுடைய கடிதங்கள்தான் நம்மிடம் இருக்கப்போகும் ஆதாரம். என்னிடம் அப்படிப் பதினொன்று இருக்கிறது. அவர் சம்மதித்தால் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொள்வேன்.

தம்பி, பாடசாலைக் கடிதம் கைக்கு வந்து இன்றோடு பதினேழு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் கடிதத்திலுள்ள திகதியிலிருந்தே எண்ணக்கூடும். தபால் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வர நாலைந்து நாள் போயிருக்கும். உறையைத் தூக்கி எறிந்திருந்தால் தேடி எடுங்கள், அதில் தபால் முத்திரைத் திகதி இருக்கும். திங்கட்கிழமை அக்கா தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியப் போகும்போது அரை நாள் லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் கண்டிக்கு, ஆணைக்குழுக் காரியாலயத்துக்கு, ஏறட்டும்.